‘உடனடி ஆட்கள் தேவை’: ஓசூர் வட்டார வேலைப் பதிவுகளுக்குப் பின்னால் நடப்பது என்ன?

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பன்னிரண்டாம் வகுப்போ ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இப்போது வேலைச் செய்தி பெரும்பாலும் கைபேசி வழியாகவே வந்து சேர்கிறது. ‘ஓசூரில் பிரபல கம்பெனிக்கு உடனடி ஆட்கள் தேவை, சம்பளம் 18,000, தங்குமிடம் இலவசம், பஸ் வசதி உண்டு, நேர்காணல் இல்லை’ என்ற வகைப் பதிவுகள் வாட்ஸ்அப் குழுக்களிலும் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ்களிலும் நாள்தோறும் சுற்றி வருகின்றன. அவற்றில் உண்மையானவையும் உண்டு, பாதி உண்மையானவையும் உண்டு, முழு மோசடிகளும் உண்டு. மூன்றும் ஒரே மாதிரியான எழுத்தில், ஒரே மாதிரியான வண்ணப் படத்துடன் வருவதால் பிரித்தறிவது கடினமாக இருக்கிறது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ‘விழிப்பாக இருங்கள்’ என்ற அறிவுரை மட்டும் போதாது. ஆள்சேர்ப்புத் துறை எப்படி இயங்குகிறது, அதில் மக்கள் தொடர்பு என்ற பணியின் இடம் எது, சமூக ஊடகம் அந்தப் பணியை எவ்வாறு மாற்றிவிட்டது என்பவற்றை அடிப்படையிலிருந்து பார்த்தால்தான் ஒரு பதிவை நம்பலாமா என்று தீர்மானிக்க முடியும். போலிப் பதிவுகள் இவ்வளவு எளிதாக எடுபடுவதற்கு முதன்மையான காரணம், உண்மையான வேலையளிப்பவர்கள் சொல்லியிருக்க வேண்டிய தகவல்களைச் சொல்லாமல் விட்டிருப்பதுதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஒரு பதிவுக்குப் பின்னால் எத்தனை பேர்

ஆலையில் ஒருவர் வேலைக்குச் சேரும்போது அவருக்கும் ஆலைக்கும் இடையில் பொதுவாக நான்கு தரப்புகள் வரை இருக்கக்கூடும்.

1. முதன்மை வேலையளிப்பவர். ஆலையின் உரிமையாளரான நிறுவனம் இது. வாயிலில் இருக்கும் பெயர்ப்பலகை இதனுடையது. இந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் நேரடியாகச் சேர்க்கப்படுபவரைத்தான் ‘ஆன் ரோல்’ என்கிறார்கள்.

2. ஒப்பந்ததாரர், அதாவது ஆள் வழங்கும் நிறுவனம். தொழிலாளி ஆலைக்குள் வேலை செய்தாலும் அவருக்குச் சம்பளம் போடுவதும் பி.எஃப். (வருங்கால வைப்புநிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) செலுத்துவதும் இந்த நிறுவனம்தான். ‘கான்ட்ராக்ட்’ என்று மக்கள் சொல்வது இந்த ஏற்பாட்டை.

3. கன்சல்டன்சி. ஆளைத் தேடிக் கண்டுபிடித்து, ஆலையிடமோ ஒப்பந்ததாரரிடமோ ஒப்படைப்பதோடு இதன் வேலை முடிந்துவிடுகிறது. அதன்பின் தொழிலாளிக்கு நேரும் எதற்கும் இது பொறுப்பேற்பதில்லை.

4. துணை முகவர். முன்பு அதே ஆலையில் வேலை செய்தவர், ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், வேலைச் செய்திகளை மட்டுமே போடும் யூடியூப் சேனல் நடத்துபவர் என இவர் யாராகவும் இருக்கலாம். பலருக்கு இது பகுதிநேர வருமானம்.

பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ இருக்கும் ஓர் இளைஞருக்கு வந்து சேரும் பதிவு, பெரும்பாலும் இந்த நான்காம் தரப்பு எழுதியது. பெயர் முதல் தரப்பினுடையதாக இருக்கும். பொறுப்பு இரண்டாம் தரப்பினுடையதாக இருக்கும். தொடர்பு எண் நான்காம் தரப்பினுடையதாக இருக்கும். குழப்பத்தின் வேர் இந்த மூன்றும் ஒரே பதிவில் கலந்துவிடுவதில் இருக்கிறது.

பணம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது

ஆள்சேர்ப்பு நிறுவனங்களின் வருமானம் இரண்டு வழிகளில் வருகிறது. நிரந்தர வேலைக்கு ஒருவரைச் சேர்த்துக் கொடுத்தால், அவருடைய ஆண்டுச் சம்பளத்தில் குறிப்பிட்ட சதவீதத்தை வேலையளிக்கும் நிறுவனம் கட்டணமாகத் தருகிறது. இந்தியாவில் பரவலாக வழங்கும் 8.33 சதவீதம் என்பது ஒரு மாதச் சம்பளத்துக்குச் சமம். ஒப்பந்தத் தொழிலாளர் என்றால், ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் ஒரு சேவைக் கட்டணம் ஒப்பந்ததாரருக்குக் கிடைக்கிறது. துணை முகவருக்குத் ‘தலைக்கு இவ்வளவு’ என்ற கணக்கில் ஒரு தொகை போகிறது. சேர்ந்தவர் குறிப்பிட்ட நாட்கள் வேலையில் நீடித்தால்தான் அந்தத் தொகை என்று நிபந்தனை வைப்பவர்களும் உண்டு.

முறையான ஆள்சேர்ப்பில் பணம் தருபவர் வேலையளிப்பவர்; வேலை தேடுபவர் எதுவும் தர வேண்டியதில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997-ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட, தனியார் வேலைவாய்ப்பு முகமைகளுக்கான 181-ஆம் உடன்படிக்கையின் 7-ஆம் பிரிவு, தொழிலாளரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. ‘பதிவுக் கட்டணம்’, ‘சீருடைக் கட்டணம்’, ‘மருத்துவப் பரிசோதனைக் கட்டணம்’, ‘திருப்பித் தரப்படும் முன்பணம்’ என்று எந்தப் பெயரில் கேட்டாலும், பணம் எதிர்த் திசையில் நகரத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஆனால் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு, மோசடி நோக்கம் இல்லாத முகவரைக்கூட மிகைப்படுத்தத் தூண்டுகிறது. எத்தனை பேரை அனுப்பினார் என்பதைப் பொறுத்துத்தான் அவருக்கு வருமானம். சேர்ந்தவர் என்ன நினைத்துச் சேர்ந்தார், ஆலையில் என்ன கண்டார் என்பதற்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. எட்டு மணி நேர வேலை என்று சொல்லி அனுப்பப்பட்டவர் பன்னிரண்டு மணி நேர ஷிப்டைப் பார்த்து இரண்டே வாரத்தில் ஊர் திரும்பினால், நட்டம் அவருக்கும் ஆலைக்கும்தான்.

விளம்பரம் வேறு, மக்கள் தொடர்பு வேறு

விளம்பரம் என்பது இடத்தையோ நேரத்தையோ காசு கொடுத்து வாங்கித் தன் செய்தியைத் தானே சொல்வது. மக்கள் தொடர்பு என்பது, ஒரு நிறுவனம் தன்னைச் சார்ந்திருக்கும் மக்களோடு தொடர்ந்து தகவல் பரிமாறி, அவர்களின் நம்பிக்கையைப் பெற்று வைத்திருக்கும் பணி. அமெரிக்காவில் நிலக்கரிச் சுரங்க முதலாளிகளுக்காகப் பணியாற்றிய ஐவி லீ, 1906-இல் பத்திரிகை ஆசிரியர்களுக்கு அனுப்பிய கொள்கை அறிக்கையில், தங்கள் வேலை ஒளிவுமறைவின்றி நடப்பது என்றும், கேட்கும் விவரங்களைத் துல்லியமாகத் தருவது என்றும் எழுதினார். சுரங்கத் தகராறில் முதலாளிகள் வாய் திறக்காமல் இருந்து, பொதுமக்களின் ஆதரவு முழுவதையும் தொழிலாளர் தலைவர்களிடம் இழந்திருந்த காலம் அது. மக்கள் தொடர்புத் துறை உருவானதே தொழிலாளர் சிக்கல் ஒன்றை ஒட்டித்தான் என்பதை, அத்துறையில் இருப்பவர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது.

ஆள்சேர்ப்பில் இந்தப் பணிக்குத் தனிப் பெயரும் வந்துவிட்டது. சைமன் பேரோ, டிம் ஆம்ப்ளர் ஆகிய இருவரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், ஒரு நிறுவனம் வாடிக்கையாளரிடம் பெற்றிருக்கும் பெயரைப் போலவே வேலை செய்பவர்களிடமும் ஒரு பெயரைப் பெற்றிருக்கிறது என்று கூறி அதை ‘எம்ப்ளாயர் பிராண்ட்’ என்றார்கள். தமிழில் அதை வேலையளிப்பவரின் நற்பெயர் என்று கொள்ளலாம். நம் பகுதியில் இது எப்போதும் இருந்ததுதான். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்து, டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் போன்ற நிறுவனங்கள் ஓசூருக்கு வந்து ஆலைகளைத் தொடங்கிய பிறகு, எந்தக் கம்பெனியில் கேண்டீன் நன்றாக இருக்கும், எங்கே போனஸ் சரியாகத் தருவார்கள் என்ற செய்தி உறவினர் வழியாகவும் பஸ் நிறுத்தங்கள் வழியாகவும் பரவியது. சொன்னவர் யார் என்பது கேட்டவருக்குத் தெரியும். அந்தச் செய்தியின் நம்பகத்தன்மை முழுவதும் அதில்தான் இருந்தது.

இன்று ஒரு நிறுவனத்தின் செய்தி மக்களை அடையும் வழிகளை நான்காகப் பிரிக்கலாம்: நிறுவனமே நடத்தும் இணையதளமும் அறிவிப்புப் பலகையும், காசு கொடுத்துப் போடும் விளம்பரம், பத்திரிகைகள் தாமாக எழுதும் செய்தி, மக்கள் தங்களுக்குள் பகிரும் பதிவு. முதல் மூன்றிலும் யார் பேசுகிறார் என்பது தெளிவு. நான்காவதில் அது மறைந்துவிடுகிறது. ஆலைத் தொழிலாளர் ஆள்சேர்ப்பு இன்று பெருமளவு நடப்பது இந்த நான்காவது வழியில்தான்.

அறிவிப்பில் வரும் எண்ணிக்கை எப்போது வேலையாகிறது

நம் இரண்டு மாவட்டங்களிலும் வேலைச் செய்தி முதலில் ஒரு பெரிய எண்ணிக்கையாகத்தான் அறிமுகமாகிறது. இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பார்க்கலாம்.

2021 செப்டம்பரில், போச்சம்பள்ளியில் அமைந்த ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலை முழுவதும் பெண்களாலேயே நடத்தப்படும் என்றும், முழு அளவில் இயங்கும்போது 10,000-க்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே பணியாற்றுவார்கள் என்றும் அந்நிறுவனத்தின் தலைவர் பவிஷ் அகர்வால் சமூக ஊடகத்தில் அறிவித்தார். 2022 நவம்பரில், அப்போதைய மத்தியத் தகவல் தொழில்நுட்ப அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், ஐபோன் உற்பத்திக்காக ஓசூர் அருகே அமைக்கப்பட்டுவந்த ஆலையைக் குறிப்பிட்டு, ஒரே வளாகத்தில் 60,000 பேர் பணியாற்றுவார்கள் என்றும், அவர்களில் முதல் 6,000 பேர் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளைச் சேர்ந்த பழங்குடிப் பெண்கள் என்றும் பேசினார்.

இவை இரண்டும் வேலை விளம்பரங்கள் அல்ல. முதலாவது, ஒரு நிறுவனம் தன் நற்பெயரைக் கட்டிக்கொள்ளச் செய்த அறிவிப்பு. இரண்டாவது, பழங்குடியினர் பெருமை நாளையொட்டி ஓர் அமைச்சர் ஆற்றிய உரை. ‘முழு அளவில் இயங்கும்போது’ என்ற நிபந்தனை முதல் அறிவிப்பிலேயே இருந்தது. ஆனால் பகிரப்படும்போது நிபந்தனை உதிர்ந்து எண்ணிக்கை மட்டும் மிஞ்சுகிறது. ‘60,000 பேருக்கு வேலை’ என்பது, கேட்பவரின் மனத்தில் ‘இப்போதே 60,000 காலியிடங்கள்’ என்று பதிகிறது.

முதலீட்டு அறிவிப்புகளில் வரும் வேலை எண்ணிக்கையைப் படிக்கும்போது கேட்க வேண்டியவை சில உண்டு. எத்தனை ஆண்டுகளில் எட்டப்படும் இலக்கு அது? நேரடி வேலைகள் மட்டுமா, பாதுகாப்பு, சமையல், போக்குவரத்து போன்ற மறைமுக வேலைகளும் சேர்ந்தவையா? ஆன் ரோல் எவ்வளவு, கான்ட்ராக்ட் எவ்வளவு? எந்தக் கல்வித் தகுதிக்கு, எந்த மொழியில் பயிற்சி? அறிவிப்புச் செய்யும் நிறுவனமோ அரசோ இவற்றுக்கு அன்றைக்கே பதில் தருவது அரிது. ஏழாயிரம் பேர் வசிக்கும் ஓர் ஊருக்குப் பக்கத்தில் பல ஆயிரம் வேலைகள் வரப்போகின்றன என்று சொல்லிவிட்டு, எங்கே விண்ணப்பிப்பது என்று சொல்லாமல் போனால், அந்தக் கேள்விக்கான பதிலை விற்பதற்கு மறுநாளே ஆட்கள் முளைத்துவிடுகிறார்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: மோசடி செய்பவர் ஆசையை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே உண்டாக்கப்பட்ட ஆசைக்கு முகவரி தருகிறார்.

வெளிமாநிலத்தவர் வருகை குறித்த கசப்பும் இதே இடைவெளியில்தான் வளர்கிறது. உள்ளூர் ஆட்கள் எத்தனை பேர் எடுக்கப்பட்டார்கள், எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எவ்வளவு பேர் நீடித்தார்கள் என்ற விவரங்களை நிறுவனங்கள் வெளியிட்டால் அதைப் பற்றி அறிவோடு விவாதிக்கலாம். வெளியிடாத வரையில் ரயில் நிலையத்தில் எடுத்த ஒரு காணொளியே எல்லாருக்கும் சான்றாகிவிடும்.

‘சம்பளம் 17,000’ என்றால் கையில் எவ்வளவு

பதிவுகளில் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது சம்பளம். மூன்று தொகைகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்: மொத்தச் சம்பளம், நிறுவனத்துக்கு ஆகும் முழுச் செலவான சி.டி.சி., பிடித்தம் போக வங்கிக் கணக்கில் விழும் ‘டேக் ஹோம்’.

ஒருவரின் மாத மொத்தச் சம்பளம் 15,000 ரூபாய் என்றும், அது முழுவதற்கும் பி.எஃப். கணக்கிடப்படுகிறது என்றும் வைத்துக்கொள்வோம்.

1. வேலையளிப்பவர் தன் பங்காகப் பி.எஃப்.-க்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாயும், இ.எஸ்.ஐ.-க்கு 3.25 சதவீதம், அதாவது சுமார் 488 ரூபாயும் செலுத்துகிறார். நிர்வாகக் கட்டணங்களைச் சேர்க்காமலே சி.டி.சி. 17,288 ரூபாய் ஆகிறது.

2. தொழிலாளியின் பங்காகப் பி.எஃப்.-க்கு 1,800 ரூபாயும், இ.எஸ்.ஐ.-க்கு 0.75 சதவீதம், அதாவது சுமார் 113 ரூபாயும் பிடிக்கப்படுகின்றன. கையில் வருவது 13,087 ரூபாய்.

3. இதிலிருந்து கேண்டீன், தங்கும் அறை, பஸ் ஆகியவற்றுக்குப் பிடித்தம் இருந்தால் இன்னும் குறையும்.

ஆக, 17,000-க்கு மேல் என்று விளம்பரம் செய்வதும் பொய்யில்லை. 13,000 கிடைக்கிறது என்று தொழிலாளி சொல்வதும் பொய்யில்லை. நான்காயிரத்துக்கு மேற்பட்ட வேறுபாட்டை யாரும் விளக்கவில்லை என்பதே சிக்கல். இதற்கு மேல் ஓவர்டைம் செய்தால் மட்டும் கிடைக்கும் தொகையையும், விடுப்பே எடுக்காதவருக்குத் தரும் வருகை ஊக்கத்தொகையையும் கூட்டி ‘22,000 வரை’ என்று எழுதுவோர் இருக்கிறார்கள். ‘வரை’ என்ற அந்தச் சொல்லைக் கண்டால், குறைந்தபட்சம் எவ்வளவு என்று கேட்டுவிட வேண்டும். அதேவேளையில் பி.எஃப். பிடித்தம் என்பது நட்டம் அல்ல. அது தொழிலாளியின் பெயரில் சேரும் சேமிப்பு. பிடித்தமே இல்லை, முழுப் பணமும் கையில் தருகிறோம் என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், மருத்துவ உதவிக்கும் சேமிப்புக்கும் இருக்கும் சட்டப்படியான உரிமை அங்கே கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

‘ட்ரெயினி’, ‘அப்ரண்டிஸ்’ என்று வரும் பதிவுகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் சேர்க்கப்படுபவர் பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளி ஆக மாட்டார். அவருக்குக் கிடைப்பது உதவித்தொகை. பயிற்சி முடிந்ததும் அவரை வேலைக்கு எடுத்துக்கொள்ளும் கடமை, ஒப்பந்தத்தில் அப்படி எழுதப்பட்டிருந்தாலன்றி, நிறுவனத்துக்கு இல்லை. பயிற்சி நல்ல வாய்ப்புத்தான்; ஆனால் அதைப் ‘பெர்மனென்ட் வேலை’ என்று விளம்பரம் செய்வது ஏமாற்று.

சமூக ஊடகம் எதை மாற்றியது

1997-இல் தொடங்கிய நௌக்ரி தளமும், 2003-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த லிங்க்ட்இன் தளமும் பொறியாளர்களுக்கும் அலுவலகப் பணியாளர்களுக்கும் ஆள்சேர்ப்பை மாற்றின. பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்து முடித்து, பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை தேடுபவருக்கு அவை பழக்கமான தளங்கள். அங்கே நிறுவனத்துக்கும் வேலைக்கு எடுப்பவருக்கும் முகம், பெயர், கடந்தகால வரலாறு ஆகியவை ஓரளவு தெரிகின்றன. ஆலைத் தொழிலாளர் ஆள்சேர்ப்போ இந்தப் படியைத் தாண்டி நேரே வாட்ஸ்அப்புக்கு வந்துவிட்டது.

பகிரப்பட்ட செய்தியில் மூலம் தெரிவதில்லை, தேதியும் இருப்பதில்லை. ஆறு மாதத்துக்கு முன்பு முடிந்துபோன வாக்-இன் நேர்காணல் அறிவிப்பு, ‘நாளை’ என்ற சொல்லோடு இன்றும் சுற்றுகிறது. அதை நம்பி அரூரிலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறி வருபவருக்கு ஒரு நாள் கூலியும் பயணச் செலவும் வீண். சரியான செய்தியைப் பின்னால் வெளியிட்டாலும், முதல் செய்தி போன குழுக்களுக்கெல்லாம் அது போவதில்லை.

சமூக ஊடகத்தின் இன்னொரு விளைவை நிறுவனங்கள் கடினமான முறையில் கற்றன. 2021 டிசம்பரில், திருப்பெரும்புதூரில் ஐபோன் தயாரிக்கும் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சானது. 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களின் நிலை என்ன என்று உடன் வேலை செய்தவர்களுக்கு யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி கைபேசிகளில் பரவியது. தொழிலாளர்கள் சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை மறித்தார்கள், ஆலை மூடப்பட்டது, ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பின்கீழ் வைத்தது. விடுதிகளை நடத்துவது ஒப்பந்ததாரர், உணவு தருவது மற்றொருவர், ஆலை இன்னொருவருடையது என்ற அமைப்பில், கேள்வி கேட்டவருக்குப் பதில் சொல்லும் பொறுப்பு ஒருவருக்கும் இல்லாமல் போனது. வதந்தியைப் பரப்பியவர்களைக் குறைகூறுவது எளிது. ஆனால் உண்மை நிலையை ஒரு மணி நேரத்துக்குள் பெயர் போட்டு வெளியிட்டிருந்தால் வதந்திக்கு அவ்வளவு வலிமை வந்திருக்காது. ஓசூர், சூளகிரி, கெலமங்கலம் பகுதிகளில் விடுதிகள் பெருகிவரும் இந்நாளில் இது நமக்கு நேரடியாகப் பொருந்தும் பாடம்.

மூன்றாவது, பதிவே சான்றாகிவிடுகிறது. அதே பாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களை உற்பத்தி வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2024 ஜூனில் விசாரணைச் செய்தி வெளியிட்டது. பாக்ஸ்கான் குற்றச்சாட்டை மறுத்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம், 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டிக்காட்டித் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. வேலைக்கு எடுக்கும்போது ஆண், பெண் வேறுபாடு காட்டக் கூடாது என்பது, அப்போது நடைமுறையில் இருந்த அச்சட்டத்தின் 5-ஆம் பிரிவு. ஆள்சேர்ப்பு முகவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய, ‘திருமணமாகாதவர்கள் மட்டும்’ என்ற வகை விளம்பரங்களும் அந்தச் செய்திக்கு ஆதாரங்களாக இருந்தன. பின்னர், வயது, பாலினம், திருமண நிலை ஆகியவற்றை விளம்பரங்களில் குறிப்பிடக் கூடாது என்று முகவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டதாகவும், கூடவே ஆலையின் பெயரையும் குறிப்பிட வேண்டாம் எனச் சொல்லப்பட்டதாகவும் 2024 நவம்பரில் அதே செய்தி நிறுவனம் எழுதியது. முதல் அறிவுறுத்தல் சரியானது. இரண்டாவது, வேலை தேடுபவருக்குத் தீங்கானது என்பது என் கருத்து. நிறுவனத்தின் பெயரைக் காப்பதற்காக, ‘பிரபல கம்பெனி’ என்று மட்டும் எழுதும் வழக்கத்தை உண்மையான முகவர்களே பழக்கமாக்கிவிட்டால், மோசடிக்காரரின் பதிவும் உண்மையான பதிவும் ஒன்றுபோல ஆகிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்று, வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தருவதைக் கட்டாயமாக்குகிறது. ஒப்பந்ததாரர் கூலி தராமல் போனால் முதன்மை வேலையளிப்பவர் அதைத் தர வேண்டும் என்ற விதி, 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. போலி வேலை காட்டிப் பணம் பறிப்பது, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவின்கீழ் மோசடிக் குற்றம். கணினி வழியாக வேறொருவரைப் போல நடித்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவின்கீழ் தண்டனைக்குரியது. காசு வாங்கிக்கொண்டு பதிவிடுபவர்கள், அது விளம்பரம் என்பதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2021-இல் நெறிமுறை வகுத்திருக்கிறது. ‘நம்ம ஊர் பசங்களுக்காகச் சொல்றேன்’ என்று ரீல்ஸ் போடுபவர் அதற்குத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவாரானால், அதைச் சொல்லிவிட்டுப் பேசுவதே நேர்மை.

ஆள்சேர்ப்பு நிறுவனங்கள் செய்ய வேண்டியவை

இத்துறையின் மக்கள் தொடர்பு, விழாப் படங்களையும் விருதுச் செய்திகளையும் பதிவிடுவதோடு நின்றுவிடுகிறது. வேலை தேடுபவருக்கு அவற்றால் பயன் இல்லை. கீழ்க்கண்டவை நடைமுறைக்கு எளியவை. பெரிய செலவும் இல்லை.

1. ஒவ்வொரு பதிவிலும் ஆலையின் பெயர், சம்பளம் போடும் நிறுவனத்தின் பெயர், வேலையிடம், டேக் ஹோம் தொகை, ஷிப்ட் நேரம், பதிவு காலாவதியாகும் தேதி ஆகிய ஆறும் இருக்க வேண்டும். இதில் தேதி மிக முக்கியம்.

2. தனக்காக ஆள் சேர்க்கும் முகவர்களின் பட்டியலை ஆலை தன் இணையதளத்திலும் வாயில் பலகையிலும் வெளியிட வேண்டும். பட்டியலில் இல்லாதவர் தன் பெயரைப் பயன்படுத்தினால், ‘எங்களுக்குத் தொடர்பில்லை’ என்ற அறிவிப்போடு நிறுத்தாமல் காவல் துறையில் புகார் கொடுக்க வேண்டும். எச்சரிக்கை அறிவிப்பை ஆங்கிலத்தில் இணையதளத்தின் அடியில் போடுவதால், ஏமாறக்கூடிய நிலையில் இருப்பவரை அது எட்டாது. தமிழில் போட வேண்டும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் மிகுதி என்பதால் அம்மொழிகளிலும் போட வேண்டும்.

3. கருத்துப் பகுதியில் வரும் கேள்விகளுக்குப் பதில் தர ஒருவரை நியமிக்க வேண்டும். ‘சம்பளம் எவ்வளவு’ என்று பொதுவில் கேட்டவரிடம் ‘இன்பாக்ஸ் வாங்க’ என்று சொல்வது, அதே கேள்வி உள்ள நூறு பேரைப் பதிலின்றி விட்டுவிடுகிறது.

4. எடுக்கப்படாதவருக்கும் பதில் சொல்ல வேண்டும். ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்று காத்திருக்க வைப்பது, அவரை அடுத்த போலிப் பதிவின் பக்கம் தள்ளுகிறது.

வேலை தேடுபவர் சரிபார்க்க வேண்டியவை

பதிவில் வந்த எண்ணை விட்டுவிட்டு, ஆலையின் அதிகாரபூர்வ இணையதளத்தில் உள்ள எண்ணுக்கோ நேரடியாக ஆலை வாயிலுக்கோ சென்று கேட்பதே முதல் படி. ஓசூரில் அது ஒரு நாள் வேலை. பணம் கட்டி ஏமாறுவதைவிட மலிவு. தமிழக அரசின் தனியார் துறை வேலை இணையத்திலும், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் வேலைவாய்ப்பு முகாம்களிலும் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆதார் நகல், மதிப்பெண் பட்டியல், வங்கி விவரம் ஆகியவற்றைக் குழுவில் பொதுவாகப் பதிவிடக் கூடாது. அவை பிறர் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கவும் கடன் வாங்கவும் பயன்படுகின்றன. வேலைக்காக அனுப்பிய ஆவணம் மோசடிக் கணக்காக மாறி, காவல் நிலையத்தில் விளக்கம் சொல்லும் நிலைக்கு அப்பாவிகள் ஆளாகிறார்கள். வேலை உறுதியாகி, நியமனக் கடிதம் தரும் நிறுவனத்தின் பெயர் தெரிந்த பிறகே அசல் ஆவணங்களைக் காட்ட வேண்டும்; எவரிடமும் ஒப்படைத்துவிட்டு வரக் கூடாது.

வெளிநாட்டு வேலை என்றால் ஆபத்து பல மடங்கு. தாய்லாந்தில் டிஜிட்டல் விற்பனை வேலை என்று சமூக ஊடகங்களில் விளம்பரம் செய்து, இளைஞர்களை மியான்மருக்குள் சட்டவிரோதமாகக் கடத்திச் சென்று இணைய மோசடியில் ஈடுபடுத்துகிறார்கள் என்று இந்திய வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் எச்சரித்தது. அடுத்த மாதமே 13 தமிழர்கள் அங்கிருந்து மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் குடியேற்றத் தலைமைப் பாதுகாவலர் அலுவலகத்தின் பதிவுச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான், அதற்கு ரசீதும் தர வேண்டும். முகவரின் பதிவு உயிர்ப்பில் உள்ளதா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் எவரும் பார்க்கலாம். 1978-இல் தொடங்கப்பட்ட தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையும் நேரடியாக அணுகலாம். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவரிடம் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ள வேண்டும்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால், ஊரில் தெரிந்துவிடுமே என்று தயங்கி நாட்களைக் கடத்தக் கூடாது. 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை எவ்வளவு விரைவில் அழைக்கிறோமோ, அந்த அளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்கப்பட வாய்ப்பு உண்டு. பரிவர்த்தனை எண், உரையாடல்களின் திரைப்பதிவு, பதிவு வந்த குழுவின் பெயர், அனுப்பியவரின் எண் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருந்து, கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் உள்ள மாவட்ட சைபர் கிரைம் காவல் பிரிவில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, அதற்கான ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொள்ள வேண்டும். பெயர் பயன்படுத்தப்பட்ட ஆலைக்கும் அந்தப் புகாரின் நகலை அனுப்ப வேண்டும். தன் பெயரில் நடந்த மோசடி தெரியாது என்று அந்த நிறுவனம் அதன்பின் சொல்ல முடியாது.